மூன்றாவது சாட்சி

பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் ஞானத்தைப் பற்றிப் பேசி வருகிறேன். மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டி ஒரு சின்ன ஹால். இருபது நாற்காலி போடுவார்கள், பன்னிரண்டு நிரம்பும். அதில் இருவர் கடைசியில் கொடுக்கும் சுண்டலுக்காக வருகிறவர்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் தத்துவம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் என்று யாரோ முடிவு செய்தார்கள். நானும் மறுக்கவில்லை. 'அறிவும் ஆனந்தமும்' என்பது தொடரின் தலைப்பு. அறிவுள்ளவன் சந்தோஷமாக இருப்பானா என்ற கேள்வியை முதல் வாரம் எழுப்பினேன். இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

என் மனைவி ஒரே ஒரு முறைதான் கேட்க வந்தாள். அன்று பற்றை விடுவது பற்றிப் பேசினேன், நன்றாகவே பேசினேன். வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். வாங்கி நாலு நாள்கூட ஆகாத தோல் செருப்பு. பன்னிரண்டு பேரையும் வாசலில் நிறுத்திவைத்து ஒவ்வொருவர் காலாகக் குனிந்து பார்த்தேன். கடைசியில் அது நான் கழற்றிவிட்ட இடத்திலேயே, யாருடைய குடைக்கோ அடியில் இருந்தது. அதன் பிறகு அவள் வருவதில்லை. "ஆத்துலயே தினம் கேக்கறேனே, அதுக்கு அங்க வேற வரணுமா" என்பது அவள் சொல்லும் காரணம்.

சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு வேறு மாதிரிப் பெயர். எதுவானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். யார் எந்தப் படிப்பில் சேர்வது, அடையாறில் பார்த்த ஃபிளாட்டை வாங்கலாமா, மகனுடன் அமெரிக்காவில் போய் ஆறு மாதம் இருக்கலாமா, எல்லாம் என்னிடம் வரும். நான் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அதில் உள்ள ஆபத்துகளைச் சொல்வேன். யாருக்கும் தோன்றாத ஆபத்தெல்லாம் எனக்குத் தோன்றும். ஒரு நாள் என் மனைவி உட்கார்ந்து யோசித்துப் பார்த்துச் சொன்னாள்: கல்யாணமான நாளிலிருந்து இன்று வரை நான் ஒருவரிடம் 'செய்' என்று சொன்னது ஒரே ஒரு விஷயத்தைத்தான். அடுக்ககத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னேன். மற்றதெல்லாம் 'வேண்டாம்', அல்லது 'இப்போது வேண்டாம்'.

இந்த நிலைமையில்தான் ஒரு புதன்கிழமை காலை என் அக்கா வந்தாள்.

அக்காவுக்கு அறுபத்து நாலு வயது. என்னைவிட நாலு வயது மூத்தவள். அரசாங்கத்தில் பாலமும் மதகும் வரைகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றாள். நான் தத்துவம் படித்த வருஷங்களில் வீடு நடந்தது அவள் வரைந்த கோடுகளால்தான். கல்யாணம் ஆகவில்லை. மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் பாதியில் நிறுத்த மாட்டாள்.

அன்று காப்பியை வாங்கி இரண்டு வாய் குடித்துவிட்டு, "நான் கல்யாணம் பண்ணிக்கறதா இருக்கேன்" என்றாள்.

என் மனைவி கையில் இருந்த கரண்டியுடன் அப்படியே நின்றாள். நான் முந்திக்கொண்டேன்.

"யோசிச்சுப் பார்த்தியா?" என்றேன்.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு யார் என்று சொன்னாள். ரங்கநாதன் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு மேட்சிங் கடை இருக்கிறது. புடவைக்கு ஏற்ற நிறத்தில் ரவிக்கைத் துணி வெட்டிக் கொடுக்கிற கடை. அதை நடத்துகிறவர். திருநெல்வேலிப் பக்கம். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன், அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. இவருக்கு வயது அறுபத்தேழு.

அதற்குப் பிறகு நான் பேசினேன். தனிமை என்றால் என்ன, துணை என்றால் என்ன, அறுபதுக்கு மேல் ஒருவரின் பழக்கங்கள் எப்படி இறுகிப்போகின்றன, உடம்புக்கு வந்தால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது, மகன் மருமகள் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஜாதி என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. படித்தவன் இல்லையா, 'பழக்கவழக்கம்' என்று சொன்னேன். அடுத்த வாரம் ஹாலில் இதையே பேசலாம் என்றுகூட நடுவில் ஓர் எண்ணம் ஓடியது. அக்கா காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நீ ஒரு தரம் வந்து அவரைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு என் மனைவி கேட்டாள்: "அக்கா என்ன கேட்டா? நீங்க என்ன சொன்னேள்?"

"யோசனை கேட்டா. சொன்னேன்."

"அவ எங்க கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ஒரு முறை மாப்பிள்ளை அமைகிற மாதிரி வந்தது உண்டு. அது முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தின சங்கதி. மாம்பலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வழக்கம்போல் சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி. பையன் தபால் துறை. சொஜ்ஜியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பஜ்ஜியைத் தொட்டுக்கொள்ளும்போது சட்னி முழுவதும் வெள்ளைப் பேண்டில் கவிழ்ந்தது. வேறு யாராக இருந்தாலும் பூமிக்குள் போயிருப்பார்கள். அவர் தன் மடியைப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர்கள் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். நான் அப்போதுதான் எம்.ஏ. முதல் வகுப்பில் தேறியிருந்தேன். "ஆழம் போறாது. வாழ்நாள் பூரா இப்படிச் சிரிச்சுண்டிருந்தா அக்காவுக்கு அலுத்துப்போயிடும்" என்றேன். அப்பா படித்தவன் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பவர். அத்துடன் அது நின்றது. பிறகு வந்த ஜாதகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம். சில வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். ஜாதகங்கள் வருவதும் நின்றுவிட்டது.

'சட்னி மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து அந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ கல்யாண வீட்டில், எத்தனையோ பந்தியில் சொல்லியிருக்கிறேன். நாய் குரைத்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் இருப்பாள். நான் சொல்லி முடிக்கும்போது பெரும்பாலும் எழுந்து காலி டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிறு பேச்சை முடித்துக்கொண்டு சாயங்காலம் நானும் மனைவியும் தியாகராய நகர் கிளம்பினோம். அவள் ஒரு தட்டில் பழமும் வெற்றிலைப் பாக்கும் பூவும் வைத்துக்கொண்டாள். நான் பேச்சு அறிவிப்பு நோட்டீஸின் பின்பக்கத்தில் பன்னிரண்டு கேள்விகளை வரிசையாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். லஸ் பக்கம் ஆட்டோ ஊர்ந்தது.

"இன்னா சார் பண்றது, மெட்ரோக்காரங்க ஃபுல்லா தோண்டிக்கினு கீறாங்க" என்றார் ஓட்டுநர். கண்ணாடியில் தட்டைப் பார்த்துவிட்டார். "பொண்ணு பாக்கப் போய்க்கினு கீறீங்களா?"

"இல்லை. மாப்பிள்ளை பாக்க" என்றாள் என் மனைவி.

"பொண்ணு இன்னா பண்ணிக்கினு கீது?"

"ரிடையர் ஆயிடுத்து."

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நான் மனைவியின் கையை இடித்தேன். அவளுக்கோ அன்று பேச்சு நிற்கவில்லை. என் நாத்தனார், அறுபத்து நாலு வயசு, அவளே பார்த்து முடிவு பண்ணியிருக்கிறாள் என்று எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தாள். ஆட்டோ ஒரு சிக்னலைத் தாண்டியது.

"நல்ல விசயம்மா. சந்தோசம்" என்றார் பிறகு. "அந்த அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

குடும்ப விஷயத்தை ஆட்டோவில் விரித்து வைத்ததற்காக அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இறங்கும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேட்சிங் கடைக்காரரின் வீடு கடைக்குப் பின்னால், மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் கட்டை குட்டையாக, வெள்ளைச் சட்டையில் மாவுக் கறையுடன் நின்றார்.

"வாங்க வாங்க. படி ஏறினது மூச்சு வாங்குதா? உக்காருங்க. பொண்ணு பாக்க வந்தா சொஜ்ஜி, பஜ்ஜி வேணும்லா? இங்க பொண்ணு நான்தான்" என்று சொல்லித் தானே பெரிதாகச் சிரித்தார். அக்கா முன்னமே வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் நிஜமாகவே தட்டுகளை ஏந்திக்கொண்டு தலையைக் குனிந்து நடந்துவந்தார். என் மனைவி சிரித்துவிட்டாள். வாழைக்காய் பஜ்ஜியில் உப்பு கொஞ்சம் தூக்கல். சொஜ்ஜி நன்றாக இருந்தது, ஆனால் அதை நான் சொல்லவில்லை.

மகனைப் பற்றி நான் கேட்கும் முன்பே சொன்னார். "மொதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். பத்து நாள் பேசல. பொறவு அவனே வந்து, அவங்களுக்கு எந்தக் காப்பிப்பொடி பிடிக்கும்னு கேட்டான். நான் வேற என்னத்தக் கேக்க?"

நான் சட்டைப் பையில் கைவைத்தேன். அதற்குள் அவர் பார்வை என் மனைவியின் தோள் பக்கம் போயிருந்தது.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த ரவிக்கை நம்ம கடையில எடுத்தது இல்லை. புடவைக்கு இது ஒரு சாயை சிவப்பு கூட. டியூப் லைட்டுல பாத்து வெட்டிக் குடுத்திருக்கான்."

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆறு மாதத்துக்கு முன் அந்த ரவிக்கை தைத்து வந்த அன்று நிறம் சேரவில்லை என்று அவள் என்னிடம் காட்டியதும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னதும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதன் பிறகு மேட்சிங் கடை வித்தைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். தற்பெருமை கொஞ்சமல்ல. அவர் கண்ணுக்குப் பச்சையிலேயே நாற்பது பச்சை தெரியுமாம். கடைக்குள் எதையும் முடிவு செய்ய மாட்டாராம். துணியையும் புடவையையும் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளரைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் பிடித்துக் காட்டித்தான் வெட்டுவாராம். அந்தத் தெருவில் ஒரு கூட்டமே இடித்துக்கொண்டு போகும்போது நடுவில் நின்று அப்படிப் பார்க்கிறவர்கள் அவரும் அக்காவும்தான். வரைந்து பழகிய கண் அக்காவுக்கு. அவர் சேர்ந்துவிட்டது என்பார், இவள் சேரவில்லை என்பாள்.

"இவங்க கடைக்கு வர்ற இருபத்திரண்டு வருசத்துல ஒரே ஒரு தடவைதான் என் கணக்கு தப்பினது. இவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

"ஏழு தடவை" என்றாள் அக்கா. அதுதான் அவள் அன்று பேசிய முதல் வார்த்தை.

நான் என் நோட்டீஸை விரித்தேன். முதல் கேள்வியைத் தவிர்த்துவிட்டு, விஷயத்துக்கு நேராக வரலாம் என்று, "இந்த வயசுல எதுக்கு இந்த முடிவு? எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

அவருக்கு முதல் தடவையாகப் பேச்சு தடைப்பட்டது. "மயில் கழுத்து நெறத்துல ஒரு புடவை கொண்டாந்தாங்க. அதுக்கு என்கிட்ட துணி இல்ல, நாளைக்கு வாங்கன்னு சொன்னேன். மறுநாளும் இல்லன்னேன். அடுத்த வாரமும் இல்லன்னேன். நாலாவது தடவை, நெசமாவே இல்லையான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். மொத நாளே எடுத்துத் தனியா வச்சிருந்தேன். அவ்வளவுதான். வேற என்ன சொல்லணும்?"

பன்னிரண்டு கேள்விகளில் மீதி எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நோட்டீஸை மடித்து வைத்தேன். கிளம்பும்போது அவர் என் மனைவிக்குச் சரியான நிறத்தில் ஒரு துண்டுத் துணியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வெயில் போய்விட்டதால் மறுநாள் காலையில் வெளியே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்று நாள் நான் ஆலோசித்தேன். நான் அப்படித்தான். அவரைப் பிடித்திருந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் பிடித்திருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் பிடித்திருப்பது ஒரு காரணமாகுமா என்பது வேறு கேள்வி. இத்தனை வருஷப் பேச்சில் நான் வகுத்துச் சொன்னதெல்லாம், வரப்போகும் துக்கத்தை முன்கூட்டிப் பார்ப்பதுதான் அறிவு, அதைத் தள்ளித் தள்ளி விட்டால் கடைசியில் மிஞ்சுவது சந்தோஷம் என்பதே. நான் அப்படி நிறையத் தள்ளியிருக்கிறேன். மிஞ்சியது என்ன என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. மூன்றாம் நாள் முடிவுக்கு வந்து, புதன்கிழமை காலை மந்தைவெளிக்கு நடந்தே போனேன்.

அக்கா வீட்டில் பழைய வரைபலகையைச் சாப்பாட்டு மேஜையாக வைத்திருக்கிறாள். அதன் எதிரே உட்கார்ந்து என் தீர்ப்பைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், சந்தேகமில்லை, ஆனால் கொஞ்சம் வாய், தற்பெருமை உண்டு, இரண்டு வீட்டுப் பழக்கமும் வேறு, அதனால் ஒரேயடியாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரு வருஷம் பழகிப் பார்க்கட்டும், பிறகு முடிவெடுக்கலாம் என்றேன். நியாயமாகப் பேசிவிட்ட திருப்தியுடன் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கல்யாண நோட்டீஸ் கொடுத்துப் பதினஞ்சு நாள் ஆச்சு" என்றாள் அக்கா. "முப்பது நாள் ஆனதும் பதிவாளர் ஆபீஸ்ல கையெழுத்து."

"அப்படின்னா உங்க ரெண்டு பேருக்கும் முடிவாயிடுத்தா? பின்ன எதுக்கு எங்கிட்ட வந்தே?"

அவள் பலகையில் இருந்த பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"சொல்லத்தான் வந்தேன். வேற எதுக்கு வருவா? காலம்பற எழுந்து குளிச்சுட்டு, நல்ல புடவையாக் கட்டிண்டு, நடந்து வந்து சொன்னேன். நீ எத்தனை நேரம் பேசினே தெரியுமா? உன் ஆத்துச் சுவர்க் கடியாரம் எனக்கு எதிர்க்கத்தான் இருந்தது. நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்துல ஒரு தரம்கூட நீ சந்தோஷம்னு சொல்லலை."

எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. "அது என்ன, நான் சொல்லாட்டா தெரியாதா?" என்றேன்.

"தெரியாது. நேத்திக்கு உன் ஆத்துக்காரி போன்ல சொன்னா, யாரோ ஆட்டோக்காரர் சொல்லச் சொன்னாராமே. மொகம் தெரியாத மனுஷர். போனை வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்டா."

அக்கா அழுதேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா போனபோதுகூட அவள் மற்றவர்களைத்தான் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அப்போதே சொல்லியிருக்கலாம். கேட்டு வாங்கியது போல ஆகிவிடும் என்று தோன்றியது. இப்படித் தோன்றுவதற்கெல்லாம் எனக்கு எப்போதும் குறைவில்லை.

"மூணு சாட்சி வேணும்" என்றாள் அவள் சாதாரணக் குரலில். "உன் ஆத்துக்காரி ஒண்ணு, அவர் பிள்ளை ஒண்ணு. மூணாவதுக்குக் கடைல பில் போடறவர் வரேன்னார். நான்தான் இருங்கோன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

யாருக்காக என்று அவள் சொல்லவில்லை. பறக்கும் ரயில் ஒன்று மேலே போயிற்று. பிறகு நான் கிளம்பி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொண்டை சரியில்லை என்று ஹாலுக்குச் சொல்லி அனுப்பினேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. சுண்டலுக்கு வருகிற இருவரில் ஒருவர் மட்டும் போன் பண்ணி உடம்பு எப்படி என்று கேட்டார். வீட்டில் என் மனைவி புதிய துணியைத் தைக்கக் கொடுத்து வாங்கிவிட்டாள். பால்கனி வெயிலில் புடவையையும் ரவிக்கையையும் சேர்த்துப் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். சேர்ந்திருக்கிறது என்றேன். "அப்பாடா, பார்த்தேளே" என்றாள்.

பதிவாளர் அலுவலகத்துக்கு நானும் போனேன். சாட்சியாகவா, சும்மாவா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அக்கா அந்த மயில் கழுத்துப் புடவை கட்டியிருந்தாள். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் மகன் ஒரு மூலையில் மாலைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பில் போடுகிறவரும் எதற்கும் இருக்கட்டும் என்று வந்திருந்தார். சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் எங்களுக்கு முன்னால் இரண்டு ஜோடி, எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குள். அவர்கள் அக்காவைப் பார்த்து, யாரோ ஒருவருக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள்.

எங்கள் முறை வந்தது. பதிவாளர் அம்மா பெரிய புத்தகத்தைத் திருப்பி வைத்து, மாப்பிள்ளை முதலில் போடட்டும் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கணக்குத் தப்பியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மிகுந்த நிதானத்துடன், சாட்சிகள் போட வேண்டிய இடத்தில் முதல் வரியில் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

"ஐயா, அது சாட்சிக்கு. உங்க கல்யாணத்துக்கு நீங்களே சாட்சியா?" என்றார் அந்த அம்மா.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் அறையே திரும்பிப் பார்த்தது. வெளியே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் இடது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். சட்னி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சொஜ்ஜியைச் சொல்வேன், வெள்ளைப் பேண்டைச் சொல்வேன், நாய் குரைத்ததைச் சொல்வேன். அடுக்களைக் கதவருகில் காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்கா இதே மாதிரி வாயைப் பொத்தி, இதே மாதிரி கண்ணை மூடிச் சிரித்ததை மட்டும் சொன்னதில்லை. அது எனக்கு மறக்கவும் இல்லை. அப்பா என்னைக் கேட்டபோது முதலில் ஞாபகம் வந்தது அதுதான். அவளை அப்படி அதற்கு முன் பார்க்காததால் எனக்கு என்னவோ பயமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆழம் போறாது என்று சொன்னேன்.

பதிவாளர் அம்மா தவறான கையெழுத்தை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, அவரைச் சரியான இடத்திலும் அடுத்து அக்காவையும் போடவைத்துவிட்டு, சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் மனைவி போட்டாள். அவர் மகன் போட்டான். "மூணாவது சாட்சி யாரு?" என்று கேட்டார். பில் போடுகிறவர் ஓர் அடி முன்னால் வந்து, அக்காவைப் பார்த்து, நின்றுவிட்டார்.

நான் போய்ப் பேனாவை வாங்கினேன். உறவு என்ற கட்டத்தில் தம்பி என்று எழுதினேன். நிமிர்ந்தபோது அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, சந்தோஷம்" என்றேன்.

"தெரியறதுடா" என்றாள் அவள். "மூக்கைத் தொடைச்சுக்கோ. புஸ்தகத்துல விழறது."